பன்னீர் திராட்சைக் கொடி வாடினால்: மோட்டார் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் கையில் ஒரு தண்ணீர்க் கணக்கு இருக்கும். வாய்க்கால் பாசனக்காரர் ஐந்து நாளைக்கு ஒரு தண்ணீர் என்பார். சொட்டுநீர் போட்டவர் தினம் இரண்டு மணி நேரம் என்பார். கணக்கு தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்குப்படியே விட்டும் ஒரு நாள் இலை தொங்குகிறது, ஓரம் கருகுகிறது, அறுக்க வேண்டிய நேரத்தில் பழம் வெடிக்கிறது. அப்போதுதான் எனக்குப் போன் வரும். என் தோட்டத்திலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் திரும்பத் திரும்ப இதே கோளாறுகளைப் பார்த்துச் சரிசெய்ததை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தோட்டத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் பிடிக்கிற காரணம் கடைசியில் வரும்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவாக ஒன்று உண்டு. மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் மோட்டார் போடாதீர்கள். தண்ணீர் குறைந்தாலும் கொடி வாடும், கூடினாலும் வாடும். இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

## முதல் வேலை: ஈரம் பார்ப்பது

மண்வெட்டி போதும். கொடியின் தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தோண்டுங்கள். சொட்டுநீர் என்றால் டிரிப்பருக்கு (தண்ணீர் சொட்டும் முனைக்கு) நேர் கீழே வேண்டாம், அங்கே எப்போதும் ஈரம் இருக்கும். நனைந்த வட்டத்தின் ஓரத்துக்கும் தூருக்கும் நடுவில் தோண்டுங்கள். ஒரு அடி ஆழத்தில் ஒரு பிடி மண், இரண்டு அடியில் ஒரு பிடி மண். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு இடம், நடுத்தோட்டத்தில் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்.

எடுத்த மண்ணைக் கையில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். புட்டுக்கு மாவு பிசைந்தால் எப்படி இருக்கும்? பிடித்தால் பிடிபடும், விரலால் தட்டினால் உதிரும். செம்மண்ணில் அந்தப் பதம் இருந்தால் இன்றைக்குத் தண்ணீர் தேவையில்லை, நாளைக்குப் பார்க்கலாம். பிடிக்கவே வராமல் பொலபொலவென்று கொட்டினால் தாமதமாகிவிட்டது. கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்று, உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால் போதுமான அளவு இருக்கிறது. பிழிந்தால் தண்ணீர் கசிந்தால் அதிகம். களிமண் பாங்கான இடத்தில் ஒரு வித்தியாசம்: காய ஆரம்பித்த களிமண்ணும் உருண்டையாக நிற்கும். அங்கே உருண்டையைக் கட்டைவிரலால் நசுக்கி நாடாவாக இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் வெடித்து ஒடிந்தால் தண்ணீர் விடும் நேரம் வந்துவிட்டது.

இதோடு கொடி நுனியையும் பாருங்கள், காலை ஏழு மணிக்குள். நுனிக் கொழுந்தைத் தாண்டிப் பற்றுச்சுருள் விறைப்பாக நீட்டிக்கொண்டு இருந்தால் கொடிக்குத் தண்ணீர்க் குறை இல்லை. சுருள் தளர்ந்து கீழே தொங்கினால் குறை ஆரம்பித்திருக்கிறது. நுனியிலுள்ள சுருள்கள் காய்ந்து உதிர்ந்திருந்தால் பல நாளாகவே தண்ணீர் போதவில்லை. இலை வாடுவதற்கு முன்பே சுருள் சொல்லிவிடும்.

## அறிகுறி 1: மதியம் இலை தொங்குகிறது

மதியம் இரண்டு மணிக்குப் பார்த்ததை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அதே கொடியிடம் போய் நில்லுங்கள். இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

### காலையில் நிமிர்ந்துவிடுகிறது

மண் பதமாக இருக்கிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று இலையை உலர்த்துகிற வேகத்துக்கு வேரால் தண்ணீர் ஏற்ற முடிவதில்லை. இலை தன்னைக் காத்துக்கொள்ளத் தொங்குகிறது, இரவில் சரியாகிவிடுகிறது. இதைப் பார்த்துப் பயந்து மோட்டார் நேரத்தைக் கூட்டினால் பின்னால் சொல்லப்போகும் கேட்டில் போய் நிற்பீர்கள்.

மேல் ஒரு அடி காய்ந்து, இரண்டு அடியில் ஈரம் இருந்தால் தண்ணீர் விடும் இடைவெளி நீண்டுவிட்டது. மொத்த அளவைக் கூட்ட வேண்டாம். நாள் இடைவெளியைக் குறைத்தால் போதும். பன்னீர் திராட்சையில் உணவும் தண்ணீரும் எடுக்கிற சன்ன வேர் பெரும்பாலும் மேல் ஒன்றிரண்டு அடியில்தான் இருக்கிறது.

மேலே ஈரம், இரண்டு அடியில் காய்ந்திருந்தால் தினம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மேலாப்பில் மட்டும் நனைக்கிறீர்கள். சொட்டுநீரில் இது அடிக்கடி நடக்கும். இரண்டு நாள் தண்ணீரைச் சேர்த்து ஒரே தடவையில் விடுங்கள், மறுநாள் தோண்டிப் பாருங்கள்.

### காலையிலும் தொங்கியே இருக்கிறது, மண் காய்ந்திருக்கிறது

இது உண்மையான தண்ணீர்க் குறை. எவ்வளவு விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். பன்னீர் திராட்சைக்கு வழக்கமான இடைவெளி 3 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது ஒரு கொடிக்கு 6 சதுர மீட்டர். ஒரு நாளில் வெயிலும் காற்றும் உறிஞ்சுகிற அளவை எங்கள் பக்கம் சாதாரண நாளில் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். கோடையில் 6, அடைமழை மாதங்களில் 3. இதைக் கொடியின் பருவத்தைப் பொறுத்துக் குறைக்க வேண்டும். கவாத்து (கொடியை வெட்டிவிடுவது) முடிந்து தளிர் வருகிற காலத்தில் 0.3, பந்தல் மூடிப் பிஞ்சு பெருக்கிற காலத்தில் 0.6, நிறம் ஏற ஆரம்பித்த பிறகு 0.4.

பிஞ்சு பெருக்கிற காலத்துக்கு: 5 × 0.6 × 6 = 18 லிட்டர், ஒரு கொடிக்கு ஒரு நாளைக்கு. கொடிக்கு இரண்டு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால் மணிக்கு 8 லிட்டர் கிடைக்கும். ஆக இரண்டேகால் மணி நேரம் ஓட்ட வேண்டும். அதே தோட்டத்தில் தளிர்ப் பருவத்தில் 9 லிட்டர் போதும், ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். எல்லாப் பருவத்துக்கும் 'தினம் ரெண்டு மணி நேரம்' என்று ஓட்டுகிறவர் தளிர் காலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விடுகிறார் என்பது இப்போது தெரியும்.

வாய்க்கால் பாசனத்துக்கு: ஏக்கருக்குச் சுமார் 675 கொடி. ஐந்து நாள் தேவை 18 × 5 × 675, அதாவது 60,750 லிட்டர். உங்கள் மோட்டார் எவ்வளவு இறைக்கிறது என்பதை 200 லிட்டர் டிரம் வைத்துப் பாருங்கள். டிரம் 40 நொடியில் நிறைந்தால் மணிக்கு 18,000 லிட்டர். ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் வருகிறது. வாய்க்காலில் ஊறிப்போவதையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் வரை ஆகும். இந்த டிரம் கணக்கை மாதம் ஒரு முறை குறித்து வையுங்கள். 40 நொடி 60 நொடியாகிவிட்டால் கொடியில் கோளாறு இல்லை, கிணற்றிலோ மோட்டாரிலோ கோளாறு.

மழை பெய்தால் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 10 மி.மீ. மழை என்றால் கொடிக்கு 60 லிட்டர். வழிந்தோடியதையும் இலையில் நின்று காய்ந்ததையும் கழித்தால் இரண்டு நாள் மோட்டாரை நிறுத்தலாம். மூன்றாம் நாள் தோண்டிப் பார்த்து முடிவு செய்யலாம். 3 மி.மீ. தூறலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புழுதி அடங்கும், வேருக்குப் போகாது.

### காலையிலும் தொங்குகிறது, மண் ஈரமாக இருக்கிறது

எனக்கு வருகிற போன்களில் பாதிக்கு மேல் இதுதான். ஒரு தம்பியின் தோட்டத்தை மட்டும் சொல்கிறேன், மற்றவை எல்லாம் ஏறக்குறைய அதே கதை.

"அண்ணே, நாலு மணி நேரம் விடுறேன், அப்பவும் கொடி எந்திரிக்க மாட்டேங்குது" என்றார். இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்து, வாட வாட மூன்று, நான்கு என்று கூட்டியிருந்தார். போய்ப் பார்த்தபோது மேல்மண் காய்ந்துதான் கிடந்தது, அதைப் பார்த்துத்தான் அவரும் ஏமாந்திருக்கிறார். ஒன்றரை அடி தோண்டியதும் குழியின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் ஊற ஆரம்பித்தது. மண் கருநீலமாக இருந்தது, சாக்கடை வாடை அடித்தது. சன்ன வேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் நின்றது. அதுவரை அவர் என் பேச்சை நம்பாமல்தான் நின்றுகொண்டிருந்தார். அந்த வேரை அவர் கையில் கொடுத்ததும் போய் மோட்டாரை நிறுத்தினார்.

வேருக்கு மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் வேர் செத்துப்போகும். செத்த வேரால் பக்கத்தில் நிற்கிற தண்ணீரையே எடுக்க முடியாது. அதனால்தான் மேலே இலை வாடுகிறது.

செய்ய வேண்டியது:

1. தண்ணீரை முழுதாக நிறுத்துங்கள். இத்தனை நாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு அடி ஆழ மண் புட்டுப் பதத்துக்கு வரும்வரை. அந்தத் தம்பியின் களிமண் தோட்டத்துக்கு ஒன்பது நாள் ஆனது.
2. தாழ்வான பக்கம் வடிகால் வெட்டுங்கள். இரண்டு அடி ஆழம், வரிசைக்கு வெளியே.
3. உரத்தையும் நிறுத்துங்கள். செத்த வேருக்கு உரம் எரிச்சல்தான்.
4. பழக்கொத்து அதிகமாக இருந்தால் கொஞ்சம் குறையுங்கள். மனசு வராது, ஆனாலும் குறையுங்கள். மிச்சமிருக்கிற வேரால் அவ்வளவையும் தாங்க முடியாது.
5. மூன்று வாரம் கழித்து மறுபடி தோண்டுங்கள். வெள்ளை வெளேரென்று புது வேர் நுனி தெரிந்தால் பிழைத்துவிட்டது. பிறகு கணக்கில் பாதியளவில் ஆரம்பியுங்கள்.

ஆள் கூப்பிட வேண்டிய கட்டம்: மூன்று வாரத்தில் புது வேர் வரவில்லை, அல்லது தூரின் பட்டையைக் கீறினால் உள்ளே பழுப்பாக இருக்கிறது என்றால் அது தண்ணீர்க் கோளாறைத் தாண்டி அழுகல் நோயாகிவிட்டது. ராயப்பன்பட்டிப் பக்கம் ஆனைமலையன்பட்டியில் இருக்கும் திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு வேரோடு எடுத்துப் போங்கள். கண்ட மருந்தையும் தூரில் ஊற்றிப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள்.

### சுற்றிலும் நன்றாக இருக்கிறது, ஒன்றிரண்டு கொடி மட்டும் வாடுகிறது

தண்ணீரைத் தொடாதீர்கள். தண்ணீர்க் கோளாறு என்றால் வரிசையாகவோ திட்டாகவோ வரும். தனிக் கொடி என்றால் தண்டில் துளையும் மரத்தூளும் இருக்கிறதா என்று பாருங்கள், தண்டுத் துளைப்பான் இருக்கலாம். பட்டை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள். வேரில் பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அதற்கு வேரையும் மண்ணையும் சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுத்துத்தான் மருந்து போட வேண்டும்.

## அறிகுறி 2: ஒரு வரிசை அல்லது கடைக்கோடி மட்டும் வாடுகிறது

சொட்டுநீர்த் தோட்டத்தில் இது குழாய்க் கோளாறுதான், மண்ணைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டிவிட்டு டிரிப்பருக்குக் கீழே சிறு குழி பறித்து வையுங்கள். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் 15 நிமிடத்தில் 1 லிட்டர் நிரப்ப வேண்டும். வரிசையின் தலை, நடு, கடைசி மூன்றிலும் வையுங்கள். 900 மில்லி வந்தால் விட்டுவிடலாம். 800-க்குக் கீழே போனால் கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள்.

லேட்டரல் (வரிசையோடு ஓடும் சொட்டுநீர்க் குழாய்) நடுவில் ஒழுகுகிறதா? எலியும் அணிலும் கடிக்கும், களை வெட்டும்போது மண்வெட்டி படும். மோட்டார் ஓடும்போது வரிசை முழுக்க ஒரு நடை நடங்கள்.

ஃபில்டர் அடைத்திருக்கிறதா? ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கழுவுங்கள். அழுத்தமானியே இல்லாமல்தான் பல தோட்டம் ஓடுகிறது. இந்தச் செலவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

லேட்டரல் கடைசியைத் திறந்து விட்டீர்களா? கடைசி மூடியைக் கழற்றித் தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓட விடுங்கள். முதலில் காப்பி நிறத்தில் வரும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இதைச் செய்கிற தோட்டத்தில் அடைப்பு அரிது.

டிரிப்பர் உள்ளே அடைப்பா? ஒன்றைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உப்பு, அதற்கு அமிலச் சிகிச்சை. வழவழவென்று பாசியாக இருந்தால் குளோரின். இரண்டையும் ஒரே நாளில் செய்யக் கூடாது, ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது. கலந்தால் வருகிற நச்சுப்புகை ஆளை வீழ்த்திவிடும். அமிலம் என்றால் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. முதல் தடவை செய்கிறவர் சொட்டுநீர் அமைத்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எல்லாம் சரி, கடைசியில் மட்டும் குறைகிறது என்றால் லேட்டரல் நீளம் அதிகம், அல்லது ஒரே வால்வில் தாங்க முடியாத அளவு ஏக்கரைப் பூட்டியிருக்கிறார்கள். தோட்டத்தை இரண்டு வால்வாகப் பிரிக்க வேண்டும். இது வடிவமைப்பு வேலை, நீங்களாகக் குழாயை வெட்ட வேண்டாம். புதிதாக மாற்றுவதென்றால் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. தோட்டக்கலை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

## அறிகுறி 3: இலை ஓரம் கருகுகிறது

முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடி இலைகளின் ஓரம் காய்ந்து உள்ளே பச்சையாக இருந்தால் பெரும்பாலும் உப்பு. பழம் பெருக்கிற காலத்தில் மட்டும் வந்தால் சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறையாகவும் இருக்கலாம். இரண்டையும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். இலைக்காம்புப் பரிசோதனைதான் தீர்க்கும்.

செலவில்லாத சோதனை: நனைந்த வட்டத்தின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கிறதா? அப்படியானால் தண்ணீரோடு வந்த உப்பு அங்கே தேங்கி நிற்கிறது. உப்பு வட்டத்தின் ஓரத்தில் நிற்கும்வரை வேருக்குத் தொந்தரவு குறைவு. ஆபத்து சின்ன மழையில்தான் இருக்கிறது. லேசான மழை அந்த உப்பைக் கரைத்து வேருக்குள் தள்ளிவிடும். அதனால் லேசான மழை பெய்யும்போது சொட்டுநீரை ஓட விடுங்கள். மழையில் யாராவது தண்ணீர் விடுவார்களா என்று கேட்பார்கள், கேட்கட்டும். உப்பை வெளியே தள்ளியே வைக்க வேறு வழியில்லை.

அடுத்தது தண்ணீர்ப் பரிசோதனை. இ.சி. (தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டும் அளவு) 1 டெசிசைமனுக்குள் இருந்தால் திராட்சைக்கு நல்ல தண்ணீர். அதற்கு மேல் ஏற ஏற விளைச்சல் குறையும். ஒன்றைத் தாண்டியிருந்தால் கணக்கில் வருகிற அளவைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். இதைப் பூப்பருவத்தில் செய்யாதீர்கள், வடிகால் இல்லாத இடத்தில் எப்போதுமே செய்யாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்து ஆழ்துளைத் தண்ணீர் மட்டும் உப்பு என்றால் இரண்டையும் தொட்டியில் கலந்து விடலாம்.

ஜிப்சம் போடலாமா என்று கேட்பார்கள். சோடியம் அதிகம் என்று மண் பரிசோதனை சொன்னால் மட்டும். சாதாரண உப்புக்கு ஜிப்சம் மருந்தல்ல, அதுவும் ஒரு உப்புதான்.

ஆள் கூப்பிட வேண்டிய கட்டம்: இ.சி. 2-ஐத் தாண்டினால் தண்ணீர் விடும் முறையை மாற்றி மட்டும் சமாளிக்க முடியாது. அடுத்த நடவுக்கு டாக்ரிட்ஜ் போன்ற உப்பு தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்று வைப்பதா என்று ஆராய்ச்சி நிலையத்தில் கலந்து பேசுங்கள். அது பெரிய செலவு, பல வருட முடிவு.

## அறிகுறி 4: கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச் சத்துக் குறை. மருந்து அடிக்கும் முன் ஈரம் பாருங்கள். சுண்ணாம்பு மண்ணில் தண்ணீர் தேங்கினாலே இப்படி வரும். தண்ணீரைக் குறைத்ததும் புதிதாக வருகிற இலை பச்சையாக வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) பார்த்துவிட்டு இரும்பு தெளிக்கலாம்.

## அறிகுறி 5: கொடி நிற்காமல் ஓடுகிறது, பூ கொட்டுகிறது

கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை பெரிதாகக் கரும்பச்சையில், பந்தலுக்குக் கீழே நின்றால் வெயில் புள்ளியே தரையில் விழவில்லை. பார்க்க அழகாக இருக்கும், காய் பிடிக்காது. தண்ணீரும் தழைச்சத்தும் சேர்ந்து செய்கிற வேலை இது.

பூ எடுக்கும்போது தண்ணீரை ஏற்றி இறக்காதீர்கள். கவாத்திலிருந்து முப்பது நாற்பது நாளில் பூப்பருவம் வரும். அந்த இரண்டு வாரம் புட்டுப் பதத்தைச் சீராக வைத்துக்கொண்டால் போதும். காயவும் விடக் கூடாது, பாய்ச்சித் தள்ளவும் கூடாது. யூரியாவை நிறுத்தி, நுனியைக் கிள்ளி, கொத்தைச் சுற்றியுள்ள இலையைக் கொஞ்சம் விலக்கி வெளிச்சம் விடுங்கள். அடர்ந்த பந்தலில் ஈரம் தங்கினால் அடிச்சாம்பல் நோய் வரும். இலையின் அடியில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அன்றைக்கே நோய்க்கான ஆலோசனை கேளுங்கள். தண்ணீரைக் குறைத்து மட்டும் அதை நிறுத்த முடியாது.

## அறிகுறி 6: பழம் வெடிக்கிறது

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் இது, ஆனால் தோல் மெல்லியது. நிறம் ஏறிய பிறகு உள்ளே சர்க்கரை கூடிக்கொண்டே போகிறது. காய விட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் பழம் தண்ணீரை இழுத்துப் பெருக்கும், தோல் ஈடுகொடுக்காமல் கிழியும். ஒரு பழம் கிழிந்தால் சாறு ஒழுகிக் கொத்து முழுக்க அழுகிவிடும்.

மழை இல்லாமல் வெடித்தால் காரணம் உங்கள் தண்ணீர்தான். கரண்ட் வரவில்லை, மோட்டார் ரிப்பேர் என்று ஒரு வாரம் நின்றுபோய், வந்ததும் ஏக்கத்தில் இரண்டு நாள் தண்ணீரைச் சேர்த்து விட்டிருப்பீர்கள். பழம் மென்மையான பிறகு அப்படிச் செய்யக் கூடாது. விட்டுப்போன தண்ணீரை விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த நாள் பாதி, அப்புறம் வழக்கமான அளவு.

மழையில் வெடித்தால் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. மழை வரும் என்று தெரிந்தால் தோட்டத்தைக் காய விட்டு வைக்காதீர்கள், சீரான ஈரத்தில் வைத்திருங்கள். காய்ந்த கொடிதான் மழைத் தண்ணீரை ஆவேசமாக இழுக்கும். வெடித்த பழத்தைக் கத்தரிக்கோலால் தினமும் எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே கொட்டுங்கள். வெடிப்பு கொத்துக்கு ஐந்தாறு பழத்தைத் தாண்டினால் வியாபாரியைக் கூப்பிட்டு முந்தி அறுத்துவிடுங்கள், காத்திருந்து மீட்க முடியாது.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரை நிறுத்துவது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நான் வெறும் மணற்பாங்கான நிலத்தில் முழுதாக நிறுத்துவதில்லை, கால்வாசி விடுவேன். அங்கே நான்கு நாளிலேயே பழம் சுருங்க ஆரம்பிக்கும்.

## அறிகுறி 7: பழம் சிறுத்து, நிறம் திட்டுத் திட்டாக வருகிறது

எப்போது குறை வைத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிஞ்சு பிடித்த முதல் மூன்று நான்கு வாரத்தில் தண்ணீர் குறைந்தால் பழம் சிறுத்துவிடும், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அது பெருக்காது. மாறாக, பழம் பெரிதாக இருந்து ஒரே கொத்தில் கறுப்பும் சிவப்பும் பச்சையுமாக இருந்தால் கொத்து அதிகம், நிழல் அதிகம், அல்லது நிறம் ஏறும் காலத்தில் தண்ணீர் அதிகம். இந்த வரிசையிலேயே சரிசெய்யுங்கள். நிறம் வரவில்லை என்று மருந்து வாங்கத் தேவையில்லை. முதல் கறுப்புப் பழம் தெரிந்த நாளிலிருந்து கணக்கை 0.4-க்கு இறக்கினால் போதும்.

## அறிகுறி 8: கவாத்துக்குப் பிறகு மொட்டு சீராக வெடிக்கவில்லை

வெட்டிய இடத்தில் கண்ணீர் மாதிரி தண்ணீர் சொட்டுவது கோளாறு அல்ல, வேர் வேலை செய்கிறது என்று அர்த்தம். சில நாளில் நின்றுவிடும்.

நுனி மொட்டு மட்டும் வெடித்து நடு மொட்டு தூங்கினால், கவாத்துக்கு முன் கொடிக்கு ஓய்வு கொடுத்தீர்களா என்று பாருங்கள். கவாத்துக்குப் பதினைந்து நாள் முன்பு தண்ணீரை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் வெட்டினால் கொடி தூங்கவே இல்லை, எழவும் தடுமாறும். கவாத்து செய்த அன்றே நன்றாக ஒரு தண்ணீர், வேர் மண்டலம் முழுக்க நனையும்படி. அதன்பிறகு தளிர்க் கணக்கு. மொட்டு வெடிக்க வைக்கிற ரசாயனம் அடிப்பவர்கள் உண்டு. அது கடுமையான நஞ்சு. கையுறை, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள், பழக்கப்பட்ட ஆள் இல்லாமல் அடிக்காதீர்கள்.

## பரிசோதனைக்குப் போகும்போது

வாடிய இலையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது. எடுத்துப் போக வேண்டியவை: ஒரு அடியிலும் இரண்டு அடியிலும் எடுத்த மண், தனித்தனிப் பையில், ஆழம் எழுதி. சன்ன வேர், ஈரத் துணியில் சுற்றி. மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு பிடித்த தண்ணீர், அரை லிட்டர், அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய பாட்டிலில். நன்றாக இருக்கும் கொடியின் இலையும் வாடிய கொடியின் இலையும், ஒப்பிட்டுப் பார்க்க. கவாத்து செய்த தேதி, கடைசி முப்பது நாளில் எந்த நாள் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது என்று எழுதிய தாள். எனக்குப் போன் செய்கிறவர்களிடமும் நான் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு காலண்டரை மாட்டிப் பேனாவைக் கயிற்றில் கட்டி விடுங்கள். சுவிட்சைப் போடும் கையே அதில் எழுதிவிடும்.